கல்யாண டி.வி.டி.யைக் காப்பாற்றுங்கள்!

சகோதரிகளே, ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்கள் சிறுமலையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும். அப்பளம் நமுத்துப் போகும், பட்டுப்புடவையில் பூஞ்சை பிடிக்கும். இதற்கெல்லாம் பக்குவம் தெரிந்த நாம், பீரோவில் கிடக்கிற டி.வி.டி.க்களை மட்டும் மறந்துவிடுகிறோம்.

டி.வி.டி.யில் இரண்டு ரகம் உண்டு. கடையில் விற்ற சினிமா டி.வி.டி. அச்சில் வார்த்தது. கல்யாணம், காதுகுத்துக்கு ஸ்டுடியோக்காரர் தருவது, சாயப் பூச்சின் மேல் லேசர் ஒளியால் எழுதியது. சாயப்புடவை வெயிலில் வெளுக்கிற மாதிரி, இதுவும் வெளிச்சம், சூடு, ஈரம் பட்டால் சீக்கிரம் கெடும். சினிமாவை வேறெங்காவது பார்த்துக்கொள்ளலாம். வீட்டு விசேஷம் போனால் போனதுதானே!

2009-ல் என் நாத்தனார் கல்யாணத்தில் எங்கள் அத்தை நலங்குப் பாட்டுப் பாடினார்கள். அத்தை இப்போது இல்லை. அவர்கள் குரல் இருப்பது அந்த ஒரே டி.வி.டி.யில்தான். போன வருஷம் போட்டுப் பார்த்தால், நலங்கு வருவதற்குள் நின்று நின்று போகிறது! எடுத்த ஸ்டுடியோவில் மூலப் பிரதி இல்லையாம். திண்டுக்கல்லிலிருந்து வந்த கொழுந்தனார் மகன், "பெரியம்மா, வேற டிரைவ்ல போட்டுப் பார்ப்போம்" என்றான். அதில் முழுசாக வந்தது. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பதுண்டு. அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

செய்முறை இதுதான்:

1. மெத்தென்ற பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது.

2. கம்ப்யூட்டரில் டிரைவ் இல்லையென்றால், யு.எஸ்.பி.யில் மாட்டுகிற தனி டிரைவ் கிடைக்கிறது.

3. டி.வி.டி.க்குள் 'வீடியோ டி.எஸ்.' என்ற ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே முழுசாகக் காப்பி செய்யுங்கள். பெரிய துண்டுகளை மட்டும் எடுத்தால் மெனுவும் வரிசையும் போய்விடும்.

4. யார் கல்யாணம், எந்த வருஷம் என்று பெயரிட்ட புது ஃபோல்டருக்குள் அதை வையுங்கள்.

சாதாரண டி.வி.டி. ஒன்று 4.7 ஜி.பி. கொள்ளும். 1 டி.பி. ஹார்ட் டிஸ்கில் ஏறக்குறைய 200 டி.வி.டி. அடங்கிவிடும்.

கம்ப்யூட்டரில் பார்க்க வி.எல்.சி. போதும், இலவசம். டி.வி.யில் பார்க்க 'கோடி' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. பேர்தான் கோடி, ஒரு பைசா செலவில்லை! ஆண்ட்ராய்டு டி.வி.யில் ஏற்றி, ஹார்ட் டிஸ்கிலுள்ள ஃபோல்டரை அதன் வீடியோ பகுதியில் சேர்த்துவிட்டால், டி.வி.டி. போட்டது போலவே ஓடும்.

சினிமா டி.வி.டி.க்களில் பெரும்பாலும் பூட்டு உண்டு. இப்படிக் காப்பி செய்தால் சரியாக வராது. நகலெடுத்து விற்பதோ சட்டப்படி குற்றம். அதனால் முதலில் வீட்டு விசேஷங்களைக் கவனியுங்கள்.

ஹார்ட் டிஸ்கும் ஒரு நாள் மக்கர் பண்ணும். இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். நான் நாத்தனாரிடம் ஒன்று கொடுத்து வைத்திருக்கிறேன். நீங்களும் தீபாவளிக்குத் துணி அடுக்க பீரோவைத் திறக்கும்போது, அந்த டி.வி.டி.க்களையும் வெளியே எடுத்து வையுங்களேன்!