கிண்ணத்தில் இருப்பது யாருடைய மண்?

'பண்ணையிலிருந்து மேசைக்கு' என்பது இன்று உலகெங்கும் உணவகங்கள் விரும்பிச் சொல்லும் வாசகம். திராட்சை ஒயின் தயாரிக்கும் நாடுகளில் இது ஒரு சுற்றுலாவாகவே வளர்ந்துவிட்டது. முதலில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். பிறகு சுவைக்கூடத்தில் நாலைந்து கிண்ணங்களில் சிறிது சிறிதாக ஊற்றி, இது எந்தச் சரிவில் விளைந்தது, எந்த ஆண்டு பறித்தது என்று விளக்குவார்கள். பக்கத்து உணவகத்தில் அந்த வட்டாரத்துக் காய்கறி தட்டுக்கு வரும். இந்தியாவிலும் நாசிக் நகருக்கு அருகே சூலா திராட்சைத் தோட்டத்தில் இத்தகைய சுவைக்கூடம் உண்டு. விருந்தினர் பணம் கொடுப்பது பானத்திற்கு மட்டும்தானா? அந்த மண்ணின் கதைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

நம் பேராக் மாநிலத்தில் ஒயினுக்கான திராட்சைத் தோட்டங்கள் இல்லை. ஆனால், மண்ணோடு ஒட்டிய மதுவும் உணவும் ஒரே மேசைக்கு வரும் ஊர் ஒன்று உண்டு. ஈப்போவிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் வரும் சித்தியவான்தான் அது. 1903-ஆம் ஆண்டு சீனாவின் பூச்சாவ் வட்டாரத்திலிருந்து மெதடிஸ்ட் திருச்சபையின் ஏற்பாட்டில் வந்த குடியேறிகள் அங்கே நிலம் பெற்றுப் பயிரிட்டார்கள். பின்னர் ரப்பரும் நட்டார்கள். பசையரிசியில் சிவப்பு நொதி சேர்த்து வீட்டிலேயே வடித்த மதுவைக் கோழிச்சாற்றில் ஊற்றி, மெல்லிய மீ சுவாவோடு பரிமாறுவது அவர்கள் வழக்கம். பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுத்த பத்திய உணவு அது. இன்று அதை உண்பதற்காகவே வெளியூர்க்காரர்கள் சித்தியவானுக்குப் போகிறார்கள்.

அதே மாநிலத்தில், அதே ரப்பர் மரத்தை நம்பி வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். அவர்களுக்கும் மண்ணில் நின்ற மரத்திலிருந்து இறங்கிய ஒரு பானம் இருந்தது. தென்னம்பாளையைக் கட்டி, சீவி, கலயம் வைத்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும் சாறு அது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள். மேலும் விட்டுவைத்தால் காடி. ஆப்ப மாவைப் பொங்க வைத்ததும் இதே கள்தான். இதில் இருக்கும் நுட்பம் எந்த ஒயினுக்கும் குறைந்ததன்று. அப்படியிருக்க, அவர்களின் மது ஊருக்குப் பெருமையானது. நம் கள் நமக்கு அவமானமானது. ஏன்?

குடித்தவர்களின் குணத்தில் காரணத்தைத் தேடுவது எளிது, அது நியாயமன்று. பூச்சாவ் குடியேறி தன் நிலத்தில், தன் வீட்டில், தன் குடும்பத்துக்காக மது வடித்தான். நம் தாத்தாவுக்கோ லயமும் தோட்டத்தினுடையது, மரமும் தோட்டத்தினுடையது, பல இடங்களில் கள்ளுக்கடையும் தோட்ட நிர்வாகத்தின் பிடியில் இருந்தது. காலையில் பால்மரம் வெட்டிச் சம்பாதித்த கூலியில் ஒரு பங்கு மாலையில் கள்ளுக்கடைக்குப் போனது. அடுப்பங்கரையில் வெறும்பானையோடு நின்றவர்கள் நம் பாட்டிமார்கள்.

இதை எதிர்த்தவர்களும் நம்மவர்களே. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். 1947-இல் கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கிக் காவல்துறையின் அடியை வாங்கினார்கள். ஆகவே கள்ளைப் பற்றி இன்று ஏக்கத்தோடு மட்டும் பேசுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம். கள் போன இடத்தில் மலிவான சம்சு வந்து எத்தனை குடும்பங்களைச் சீரழித்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

குடியின் கேட்டுக்கு அடியில் நிலமின்மை என்ற பெருங்கேடு இருந்தது. லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கத்தரியும் மரவள்ளியும் போட்டு உண்ட நம் மக்கள், யாரும் பெயர் வைக்கும் முன்பே பண்ணையிலிருந்து மேசைக்கு என்று வாழ்ந்தவர்கள். ஆனால் அந்தக் கொல்லைக்குப் பட்டா இல்லை. தோட்டம் கைமாறிச் செம்பனையாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறியபோது, வேலையோடு வீடும் கொல்லையும் சேர்ந்து போயின. இதை முன்கூட்டியே உணர்ந்த தலைவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கிக் காட்டினார்.

இன்று பழைய தோட்டங்களின் நினைவுகள் சுற்றுலாப் பொருளாகின்றன. பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகையைப் பாருங்கள். ரப்பர்த் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற அந்த மாளிகையில், ஒயின் வைப்பதற்கான நிலவறையும் உண்டு. அருகிலேயே தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோவிலில் அந்தத் துரையின் உருவமும் இடம்பெற்றிருக்கிறது. துரையின் நிலவறையை வியந்து படமெடுக்கும் நாம், அந்த ஒயினுக்கு விலை எந்த லயத்திலிருந்து வந்தது என்று கேட்கிறோமா?

நாளை ஈப்போ வட்டாரத்தின் பழைய தோட்டம் ஒன்றில் அழகான உணவகம் எழலாம். முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் அங்கே பெரிய விலைக்குப் போகலாம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், அதில் நாம் பரிமாறுபவர்களாக மட்டும் நிற்கப் போகிறோமா, பங்குதாரர்களாக இருக்கப் போகிறோமா? இந்தக் கேள்வி பட்டம் பெற்றுப் போன மூத்த மாணவர்களுக்கும், இன்று விரிவுரை மண்டபத்தில் இருக்கும் தம்பி தங்கையருக்கும் உரியது.

மாணவர்கள் இந்த விடுமுறையிலேயே ஒரு வேலையைத் தொடங்கலாம். தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து, என்ன சமைத்தார்கள், எங்கே பயிரிட்டார்கள், கள்ளுக்கடை எங்கிருந்தது, அதை யார் எதிர்த்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். வேலையில் இருக்கும் மூத்தவர்கள் சம்பந்தன் காட்டிய கூட்டுறவு வழியில் சிறுதொகை சேர்த்து, சிறிதளவேனும் நிலம் வாங்க முன்வாருங்கள். அங்கே கள் விற்க வேண்டாம். பதநீர் கொடுப்போம், கள்ளின் முழுக் கதையையும் மறைக்காமல் சொல்வோம்.

பிறர் மேசையில் நம் உணவைப் பார்த்துப் பூரித்தது போதும். அந்த உணவு விளையும் மண்ணிலும் நம் பெயர் இருக்க வேண்டும். சிந்திப்போம், செயலில் இறங்குவோம்.