ஆபாசம் என்றொரு விதி

வயதுவந்த வாசகர்களுக்கென்றே இணையவழிச் சிறுகதைப் போட்டியொன்று நடத்தலாம், காமத்தை நேர்படப் பேசும் கதைகளுக்கு மட்டுமாக, என்று நண்பர்கள் சிலர் சொன்னபோது இலக்கியக் கூட்டத்தில் எழுந்த சிரிப்பை மறக்க முடியவில்லை. சிரித்தவர்கள் எவரும் படிக்காதவர்கள் அல்லர். குறுந்தொகையின் நானூறு சொச்சம் பாடல்களும் அகப்பாடல்களே என்பதை மேடைதோறும் பெருமையோடு சொல்பவர்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய காமம் நமக்குச் செவ்வியல். இன்று கிணத்துக்கடவில் ஒரு பெண் எழுதினால் அது சிரிப்புக்குரியது.

நான் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளாததற்குக் காரணம் என் நல்ல குணமன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவர் மூவரில் ஒருவனாக இருந்தேன். வழக்கமான விதிகள்தாம்: கதை சொந்தக் கற்பனையாக இருக்க வேண்டும், வேறெங்கும் வெளிவந்திருக்கக் கூடாது, ஆபாசம் கூடாது. எங்கள் பகுதித் தோட்டத்துக்கார அம்மையார் ஒருவரின் கதை வந்திருந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்ட ஐம்பது வயதுப் பெண் ஒருத்திக்கு, இனிக் கருவுறும் அச்சமில்லை என்றானபின் முதன்முறையாகக் கணவன்மீது ஆசை பெருகுகிறது. அவனோ மாலை போட்டுக்கொண்டு திண்ணையில் படுக்கிறான். கதை இவ்வளவே. சில வரிகள் வெளிப்படையானவை, கொச்சையானவை அல்ல. 'ஆபாசம்' என்று ஒற்றைச் சொல்லில் குறிப்பெழுதித் தள்ளினோம். நானும் கையெழுத்திட்டேன்.

முதற்பரிசு பெற்ற கதையில் முறைமாமன் ஒருவன் மறுக்கும் பெண்ணை மழையிரவில் வன்புணர்கிறான். அந்த இடத்தில் மூன்று புள்ளிகள் மட்டுமே இருந்தன; அடுத்த பத்தியில் மாவிலைத் தோரணம், கெட்டிமேளம். புள்ளிகள் கண்ணியமானவை ஆதலால் விதி மீறப்படவில்லை.

இதில்தான் என் வழக்கே இருக்கிறது. ஆபாசம் என்னும் சொல்லுக்கு வடமொழி மூலத்தில் போலித் தோற்றம் என்பது பொருள். ரசாபாசம் என்று அவர்களுடைய கவிதையியல் சொல்வது, சுவைபோலத் தோன்றிச் சுவையாகாது போனதை. அந்தக் கூர்மையெல்லாம் நம்மிடம் வந்து தேய்ந்துபோயிற்று. இன்றைக்கு அது எவ்வளவு துணி விலகியது என்று அளக்கும் முழக்கோல். தொல்காப்பியர் அப்படி அளக்கவில்லை என்பதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்லித் தருகிறேன், சம்பளமும் வாங்குகிறேன். அவர் ஐந்திணைக்கு வெளியே நிறுத்திய இரண்டும் எவை? காமத்துக்குரிய பருவம் எய்தாத சிறுபெண்ணிடம் ஒருவன் ஒருதலையாகப் பேசிக் களிப்பது கைக்கிளை. வலிந்து கூடும் காமமோ பெருந்திணையின் வகைகளுள் ஒன்று. எதைச் சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. பருவம் உண்டா, இருபாலும் விருப்பம் உண்டா என்றே கேட்டார். இளமை கடந்த காமத்தையும் அவர் பெருந்திணையிலேயே வைத்தார் என்பதை மறைக்க விரும்பவில்லை. உரையாசிரியர்கள் அதைப் பலவாறு கொள்வர். எப்படிக் கொண்டாலும் அந்த ஓரிடத்தில் நான் தோட்டத்து அம்மையாரின் பக்கம்தான்.

ஆகவே போட்டி நடத்த முனையும் நண்பர்களுக்குச் சொல்வது இது: 'ஆபாசம்' என்ற சொல்லை விதிகளிலிருந்து நீக்குங்கள். கதைமாந்தர் அனைவரும் பதினெட்டு நிரம்பியவர்கள். வன்முறையை இன்பமென்று விற்கும் கதை ஏற்கப்படாது. உயிரோடிருக்கும் எவரையும் அடையாளம் தெரியுமாறு எழுதக்கூடாது. இவை போதும். இவற்றை மீறியது எது என்று மூன்று நடுவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க முடியும். ஆபாசத்தைப் பற்றி அப்படிப் பேச முடியாது. முகம் சுளிக்க மட்டுமே முடியும்.

மஞ்சள் புத்தகத்துக்கு மகுடம் சூட்டுகிறீர்கள் என்பார்கள். பேருந்து நிலையக் கடைகளில் சரோஜாதேவி புத்தகங்கள் விற்றது எவர் நடத்திய போட்டியால்? நாம் பேசாதுவிட்ட இடத்தில் அவை பேசின, அவ்வளவுதான். கி.ராஜநாராயணன் பாலியல் நாட்டார் கதைகளைத் திரட்டி 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று பெயரிட்டார். தலைப்பே விதியாக இருந்தது. வேறு மன்னிப்பு எதையும் அவர் கோரவில்லை.

நிற்க. இத்தகைய போட்டிகள் உலகுக்குப் புதியவை அல்ல. 1998 முதல் இயங்கும் 'லிட்டரோடிக்கா' என்ற ஆங்கிலத் தளம் காதலர் தினம், ஹாலோவீன் என்று பருவந்தோறும் காமக் கதைப் போட்டி நடத்திவருகிறது. பாத்திரங்களுக்குப் பதினெட்டு வயது என்பதில் அங்கே விட்டுக்கொடுத்தல் இல்லை. இதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வெற்றியை முடிவு செய்வது வாசகர்கள் ஒன்று முதல் ஐந்துவரை இடும் மதிப்பெண். கள்ள மதிப்பெண்களைப் பின்னர் களையெடுக்க வேண்டியிருக்கிறது. இந்த முறை தமிழுக்கு வேண்டாம். ஒருத்தி எழுதினாள் என்று தெரிந்தால் நம் ஆட்கள் கதைக்கா மதிப்பெண் இடுவார்கள்? 2002இல் குட்டி ரேவதியின் தொகுப்பு 'முலைகள்' என்ற தலைப்போடு வந்தபோது கவிதையைப் படிக்காமலே தலைப்புக்குத் தீர்ப்பெழுதியவர்கள் எத்தனை பேர்! நடுவர்கள் படிக்கட்டும், பெயர் நீக்கிய பிரதியைப் படிக்கட்டும், ஏற்காத கதைக்கும் காரணத்தை இரண்டு வரியில் எழுதட்டும். சலிப்பான வேலைதான். அதைச் செய்ய மனமில்லாதவர்கள் போட்டி நடத்தக்கூடாது.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவோரும் உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் கடுமையானவைதாம். இலக்கியத்தின் நலன் கருதியவற்றுக்கு அங்கேயே விலக்கும் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு 2024 சூலை முதல் புதிய சட்டத்தில் 294ஆக அமர்ந்திருக்கிறது, அதே விலக்கோடு. அவீக் சர்க்கார் வழக்கில் 2014இல் உச்சநீதிமன்றம், படைப்பை முழுமையாகப் பார், சமகாலச் சமூக அளவுகோலால் பார் என்றது. எனக்குச் சட்டத்தைவிட ஊரைக் கண்டுதான் அச்சம். 'மாதொருபாகன்' வெளிவந்தது 2010இல். திருச்செங்கோட்டில் எதிர்ப்பு வெடித்தது 2014 டிசம்பரில். 2015 சனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த 'சமாதானப்' பேச்சுக்குப் பின், தனக்குள்ளிருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று பெருமாள்முருகன் அறிவித்தார். சென்னை உயர்நீதிமன்றம் அவரை மீண்டும் எழுதச் சொன்னது 2016 சூலையில். நாவலுக்கும் கலவரத்துக்கும் நடுவே நான்கு ஆண்டுகள். பரிசளித்து நிழற்படம் எடுத்ததும் நடத்துவோரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். புனைபெயரில் வந்தவரின் இயற்பெயர் நடத்துபவர் ஒருவரைத் தவிர எவருக்கும், நடுவர்களுக்கும்கூட, எந்நாளும் தெரியக்கூடாது. இப்படி உறுதி தர இயலாவிட்டால் கதை கேட்க உரிமையில்லை.

அந்த அம்மையாரைப் பின்பொருநாள் பொன்மலை அடிவாரத்தில் பார்த்தேன். நடுவர் பட்டியலில் என் பெயரைக் கண்டிருக்கிறார். கோபமாகக்கூட இல்லை. "அதுல என்னங்க சார் ஆபாசம்? சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்" என்றார். தமிழ் இலக்கியத்தில் முதுகலை படித்தவன், பொள்ளாச்சிப் பேருந்து வருகிறதா என்று பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். நண்பர்கள் போட்டியை அறிவித்தால் அந்தக் கதையை அனுப்பச் சொல்லி முதலில் அவரிடம்தான் போவேன். நடுவராக என்னை அழைக்க வேண்டாம்.