தேதியைச் சொல்லத் தயங்குவதேன்?

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு சிலர் முகம் சுளிக்கக்கூடும். பார்சல் ஆபீசில் சீட்டு எழுதும் நமக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று வேறு சிலர் கேட்கக்கூடும். ஆயினும் நம் குடியிருப்பில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம்மை வாளாவிருக்க விடவில்லை.

அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் பித்தப்பைக் கல்லுக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். முந்திய நாள் மயக்க மருத்துவர் வந்து, கடைசியாக மாதவிலக்கானது எந்தத் தேதியில் என்று இந்தியில் வினவினார். அதைத் தமிழில் எடுத்துக் கூற வேண்டிய கணவர் நாணித் தலை குனிந்தார். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற பொதுவான விடையுடன் அப்பேச்சு முடிந்தது. மறுநாள் புறங்கை நரம்பில் மருந்து ஏறியதும் கை முழுதும் தீப்பற்றியதுபோல் எரிந்ததாம். அதைச் சொல்ல அவருக்கு இந்திச் சொல் தெரியவில்லை. தவறான மருந்தைச் செலுத்திவிட்டனரோ, இனிக் குழந்தைகளைக் காண்போமோ என்ற அச்சத்துடனேயே அவர் உணர்விழந்தார்.

நலமுடன் வீடு திரும்பிய பின்னும் அந்த அச்சம் அவரை விடவில்லை. "விலக்காகும் நாள் நெருங்கியிருந்தது, அதனால்தான்" என்றார் மாமியார். "இக்காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். எது மெய் என்று நமக்குத் தெரிந்த மயக்க மருத்துவப் பெண்மணி ஒருவரிடம் கேட்டோம்.

அந்த அம்மையாருக்குச் செலுத்தப்பட்டது புரோபோபால் என்னும் மருந்து. பாலைப்போல் வெண்மையானது. 1986-இல் பிரிட்டனில் வழக்கிற்கு வந்து, இன்று உலகெங்கும் பயன்படுகிறது. இது இரத்தக் குழாயின் உட்புறத்தை உறுத்துவதால் எரிச்சல் உண்டாகிறது. 2011-இல் 177 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலியைத் தடுக்க ஏதும் செய்யாவிடில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேருக்கு இவ்வலி உண்டாவது தெரியவந்தது. ஆகவே பொறுமைக் குறைவு என்னும் பேச்சுக்கு இங்கே இடமில்லை.

மாமியாரின் கூற்றையும் முற்றிலும் தள்ளிவிடுவதற்கில்லை. மாதவிலக்குச் சுழற்சியின் முற்பாதியில் ஈஸ்ட்ரோஜன் மெல்ல உயர்கிறது. கருமுட்டை வெளிப்பட்ட பின் புரொஜெஸ்டிரோன் மிகுகிறது. அடுத்த விலக்கிற்குச் சில நாட்களுக்குமுன் இரண்டும் தாழ்கின்றன. இவை வலியுணர்வையும் தொடுவதால், ஊசி மருந்தின் வலி நாளுக்கேற்ப மாறுமோ என்று மருத்துவர்களே ஆராய்ந்திருக்கின்றனர். 1999-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, விலக்கு முடிந்த பின்வரும் நாட்களில் பெரும்பாலான வகை வலிகளைத் தாங்கும் ஆற்றல் சற்று மிகுதி என்றது. 2015-இல் வந்த மற்றொன்றோ, நலமுள்ள பெண்களிடம் அத்தகைய ஒரே சீரான மாற்றம் இல்லை என்றது. எனவே நாள் பார்த்து அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டுவதில்லை.

வலியைக் குறைக்கும் வழிகள் நாளைப் பொறுத்தவை அல்ல. புறங்கையை விட்டு முழங்கை மடிப்பில் உள்ள பெரிய நரம்பில் மருந்தைச் செலுத்தலாம். புறங்கையிலேயே செலுத்த நேர்ந்தால், கையைப் பட்டையால் இறுக்கி முதலில் லிடோகெயின் என்னும் மரப்பு மருந்தைச் செலுத்தலாம். அத்தொகுப்பில் இவ்விரண்டுமே மிகச் சிறந்தவையாகத் தெரிந்தன. நோயாளி முன்கூட்டியே கேட்டால் மருத்துவர் தக்கது செய்வார்.

அப்படியானால் தேதியை ஏன் கேட்கிறார்கள்? முதற்காரணம், வயிற்றில் கரு தங்கியிருக்கிறதா என்று அறிந்துகொள்வதற்கே. அறியாமல் மயக்க மருந்தும் அறுவையும் நேர்ந்தால் தாய்க்கும் கருவுக்கும் தீங்கு நேரக்கூடும். நாணத்தால் மறைக்கத்தக்க செய்தியா இது?

ஊரில் இருந்தால் அத்தையோ பெரியம்மாவோ உடன் சென்று பேசியிருப்பர். இங்கே நாம் பிழைக்க வந்த இடத்தில் கணவன்தான் மொழிபெயர்ப்பாளன். ஆகவே கணவன்மார்களே, மருத்துவர் கேட்பதை உள்ளபடியே மனைவியிடம் கூறுங்கள். அவர் விடையையும் உள்ளபடியே திருப்பிச் சொல்லுங்கள். அது இயலாதெனில் நம் சங்கத்துப் பெண்மணிகளில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். சகோதரிகளே, தேதியை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு செல்லுங்கள். இரண்டு இந்தி வாக்கியங்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "தர்த் ஹோ ரஹா ஹை" என்றால் வலிக்கிறது. "ஜலன் ஹோ ரஹீ ஹை" என்றால் எரிகிறது.

அண்டை வீட்டு அம்மையாரிடம் இவற்றை எடுத்துரைக்குமாறு நம் இல்லத்தரசியை அனுப்பினோம். "அப்படியானால் எனக்குத் தவறான மருந்து எதுவும் போடவில்லையா?" என்று அவர் மும்முறை கேட்டாராம். இதை முன்கூட்டியே யாரேனும் சொல்லியிருந்தால், அவர் அன்று அத்தனை அச்சத்துடன் கண் மூடியிருக்க மாட்டார்.