துருப்பிடித்த ஜி.டி.ஓ... காந்தம் சொல்லும் உண்மை!

ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபை மேய்ந்தால், இந்த வீடியோ கண்ணில் படாமல் இருக்காது. அமெரிக்காவில் ஒரு பழைய கொட்டகை. தார்ப்பாயை விலக்கினால், உள்ளே துருவேறிய 'மசில் கார்'. இருபதாவது நிமிடத்தில் அதே கார் பளபளவென்று சீறிக் கிளம்பும். பார்க்கிற நமக்கு ஜாலி. அதை நம்பி சேமிப்பைக் கொட்டி, இப்படியொரு காரை வாங்குகிறவர்களுக்கு?

1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ-வையே எடுத்துக்கொள்வோம். மசில் கார் காலத்தைத் தொடங்கிவைத்தது இதுதான் என்பார்கள். நடுத்தர சைஸ் கார்களில் பெரிய இன்ஜின் கூடாது என்பது அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் போட்ட கட்டுப்பாடு. ஜான் டிலோரியன் டீம் குறுக்குவழி கண்டுபிடித்தது. 'டெம்பஸ்ட் லீமான்ஸ்' காரில் 6.4 லிட்டர் வி8 இன்ஜினை வைத்து, தனி மாடல் என்று சொல்லாமல், கூடுதல் பணம் கொடுத்தால் கிடைக்கும் 'ஆப்ஷன்' ஆக்கிவிட்டார்கள்.

அந்தக் குறுக்குவழிதான் இன்று வாங்குபவர்களுக்குத் தலைவலி. 1964, 65 கார்களின் அடையாள எண்ணை மட்டும் பார்த்து அது ஜி.டி.ஓ-வா, சாதாரண லீமான்ஸா என்று சொல்ல முடியாது. பேட்ஜ் ஒட்டி ஏமாற்றுவது சுலபம். அதனால், 'பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்' தரும் தொழிற்சாலை ஆவண நகலைப் பார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

அடுத்தது துரு. பலரும் முதலில் பானெட்டைத் திறந்து இன்ஜினைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது காருக்கு அடியில்! மிச்சிகன் மாதிரியான பனிப் பிரதேசங்களில், பனி உருகச் சாலையில் உப்பு கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் சேஸிஸுக்குள் புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல இரும்பு 'டங்' என்று சொல்லும். அரித்துப்போனது மந்தமாக ஒலிக்கும், சில சமயம் உதிரும். ஃப்ளோர், டிக்கியின் அடித்தளம், பின்சக்கரத்தின் பின்பகுதி, பின்கண்ணாடியின் ஓரம்... இங்கெல்லாம் ஒரு சின்ன காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையா? பெயின்ட்டுக்கு அடியில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது.

மேலாகப் படிந்த துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். துருவின் மேலேயே பட்டி பூசினால் சில மாதங்களில் கொப்பளித்துக் கிளம்பும். பல வருடங்கள் நின்றுபோன இன்ஜினை உடனே ஸ்டார்ட் செய்யவும் கூடாது. ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கெட்டுப்போன பெட்ரோலையும் பழைய பிரேக் டியூப்களையும் மாற்றிவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும்.

இன்ஜின் சிக்கிக்கொண்டிருந்தாலும் பிரித்து வேலை பார்க்கலாம். பெரும்பாலும் பட்ஜெட்டை விழுங்குவது டிங்கரிங்கும் பெயின்ட்டும்தான். சேஸிஸ் அரித்து, ஆவணமும் இல்லையென்றால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதே நல்லது. அந்த இருபது நிமிட வீடியோவில், வாங்காமல் திரும்பி வந்த கார்களை யாரும் காட்டுவதில்லை!