உலை வைக்காத வீடு

நம் நாட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் பிறப்பதற்கென்று ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. முதலில் நிலம் ஒதுக்குவார்கள். பிறகு மந்திரி வந்து கல் நாட்டுவார். சர்வகலாசாலையின் துணைவேந்தர் ஒரு பக்கமும் கம்பெனித் தலைவர் ஒரு பக்கமுமாக உட்கார்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். அப்புறம் கட்டடம் எழும். கட்டடத்துக்குள் குளிர்சாதனமும், வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய நுண்ணோக்கியும் குடியேறும். இத்தனையும் முடிந்த பிறகுதான், 'சரி, இங்கே என்ன செய்யப் போகிறோம்?' என்று யாராவது கேட்பார். சில இடங்களில் அந்தக் கேள்வி எழுவதேயில்லை.

இப்போது அந்தச் சம்பிரதாயத்துக்கு மறுபடியும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா, அருமண் உலோகங்களில் ஏழுக்கும் அவற்றைக் கொண்டு செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. மின்சாரக் காரின் மோட்டாருக்கு அந்தக் காந்தம் வேண்டும்; காற்றாலைக்கும் வேண்டும். இங்குள்ள மோட்டார்த் தொழில் திகைத்து நின்றது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு, வருஷத்துக்கு 6000 டன் காந்தம் உள்நாட்டிலேயே செய்வதற்கு 7280 கோடி ரூபாய்த் திட்டமொன்றை அங்கீகரித்தது. பணம் வருகிறது என்றதும் பிரசங்கங்களும் வருகின்றன. சர்வகலாசாலையும் தொழிலும் கைகோத்து, உயர்வகைப் பொருள்களுக்கு ஒரு மகா ஆராய்ச்சி நிலையம் காண வேண்டுமாம்!

வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அவசியம் வேண்டும். எப்படிப்பட்ட நிலையம் என்பதில்தான் எனக்கு வழக்கு.

பிரசங்கிகள் எல்லாரும் மறக்காமல் சொல்லுகிற ஒரு வாக்கியம் உண்டு: 'நம்மிடம் மணல் இருக்கிறது.' ஆமாம், இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், அதற்கு மேற்கே கேரளத்துச் சவறையிலும் கடற்கரை மணலே பொருள்தான். அது பொருள் என்று நமக்கு யார் சொன்னார்கள்? இங்கிருந்து கப்பலேறிப் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்துப் பார்த்து, 1909இல் அதில் மோனசைட் இருப்பதைக் கண்டவன் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியன். கயிறு நாம் திரித்தது. மணல் நம் காலடியில் கிடந்தது. அந்த மணலிலிருந்து தோரியம் எடுத்து, காஸ் விளக்குக்கு வலை செய்து விற்றவர்கள் அவர்கள். பிற்பாடு நம் கல்யாணப் பந்தல்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கு எரிந்ததும் அந்த ஜாதி வலையில்தான்.

அது அடிமைக் காலம் என்று சமாதானம் சொல்லலாம். சுதந்திர இந்தியா 1950இல் அருமண் கம்பெனியை ஏற்படுத்தி, 1952இல் ஆலுவாயில் ஆலையும் திறந்துவிட்டது. மணலைப் பிரிக்கும் வித்தை எழுபது வருஷங்களுக்கு மேலாக நம் கையில் இருக்கிறது. அப்படியிருந்தும் 2025இல் ஏன் திகைத்தோம்?

காரணம் எளிது. பிரித்தெடுத்த ஆக்ஸைடு நெல்லைப் போன்றது. காந்தம் என்பது சோறு. நெல் இருக்கிற வீட்டிலெல்லாம் சோறு இருக்கும் என்று யார் சொன்னது? நடுவில் உலை வைக்க வேண்டாமா?

அந்த உலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஆக்ஸைடைச் சுமார் ஆயிரம் டிகிரியில் உருகிய உப்பில் போட்டு, மின்சாரம் செலுத்தி நியோடிமியம் உலோகமாக்க வேண்டும். அதை இரும்போடும் போரானோடும் சேர்த்து உருக்க வேண்டும். உருக்கியதை, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுள்ள பொடியாக அரைக்க வேண்டும். அந்தப் பொடி காற்றுப் பட்டால் தீப்பிடித்துக் கொள்ளும்; ஆகவே அரைப்பதும் அள்ளுவதும் காற்றில்லாத அறையில். பிறகு துகளெல்லாம் ஒரே திசை பார்க்கும்படி காந்தப் புலத்தில் வைத்து அழுத்தி, மறுபடியும் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட வேண்டும். கடைசியில், சீக்கிரம் துருப்பிடிக்கிற அந்தத் துண்டுக்கு மேல்பூச்சு வேறு.

இதைச் சோதனைச் சாலையில் பத்துக் கிராம் அளவில் செய்துவிடலாம்; செய்து ஒரு கட்டுரையும் பிரசுரித்துவிடலாம். தொழிற்சாலைக்கு வேண்டியது டன் கணக்கு. பத்துக் கிராமுக்கும் பத்து டன்னுக்கும் நடுவே நூறு கிலோ உலை ஒன்று எரிய வேண்டும். அதில்தான் தப்புகள் தெரியும். தப்பைத் திருத்தும் வழியும் தெரியும். அந்த நடு உலைதான் நம்மிடம் அநாதையாகக் கிடக்கிறது. அதிலிருந்து கட்டுரை பிறக்காது என்று பேராசிரியர் தொடமாட்டார். அதிலிருந்து லாபம் பிறக்காது என்று முதலாளி தொடமாட்டார். 'தயார் நிலையில் கொண்டு வாருங்கள், பார்க்கலாம்' என்பார் இவர். 'அது தொழிற்காரர்கள் வேலை' என்பார் அவர். இருவரும் கூடி ஒரு கட்டடம் கட்டுவதில் மட்டும் கருத்து வேற்றுமையே கிடையாது!

இதே மணலில் டைட்டானியமும் இருக்கிறது. அதை உலோகமாக்கும் முறையை குரோல் என்பவர் 1940இல் காட்டிவிட்டார். ஹைதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோக ஆராய்ச்சி நிலையம் அந்த வித்தையை இங்கே வளர்த்தது. விண்வெளித் துறை பணம் கொடுத்தது. சவறையில் வருஷத்துக்கு 500 டன் ஆலை 2011இல் வந்தது. வந்ததற்குச் சந்தோஷப்படுகிறேன். ஆனால் அது எப்படி வந்தது? ராக்கெட்டுக்கு இந்த உலோகம் எனக்கு வேண்டும் என்று ஒருவர் பணத்தோடு வந்து நின்றார். அதனால் வந்தது.

'எங்களுக்கு உயர்ந்த விஞ்ஞானம் இருந்தால் போதும், ஆலை எங்கே இருந்தால் என்ன?' என்று வாதிப்பவர்களுக்கு அமெரிக்காவின் கதையைச் சொல்கிறேன். இந்தக் காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் கண்டவர்கள் இருவர். ஜப்பானில் சுமிடோமோ கம்பெனியின் சகாவா ஒருவர், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் குரோட் மற்றவர். அமெரிக்கக் கம்பெனி 1986இல் மாக்னக்வெஞ்ச் என்று தனி ஆலையே வைத்தது. 1995இல் அதை விற்றது. வாங்கிய கூட்டத்தில் சீனக் கம்பெனிகளும் இருந்தன. சில வருஷங்களில் உற்பத்தி சீனாவுக்கே போய்விட்டது. அமெரிக்காவின் சர்வகலாசாலைகளுக்கு என்ன குறைந்தது? ஒன்றும் குறையவில்லை. கட்டுரைகள் இருந்தன, பேடண்டுகள் இருந்தன. உலையருகே நின்ற கைகள் கலைந்துவிட்டன. 2025இல் அவர்களும் நம்மோடு வரிசையில் நின்றார்கள்.

நம்மால் ஆகாத காரியமும் இல்லை இது. சென்னை அடையாற்றில் 1948இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தைப் போய்ப் பாருங்கள். தோல் பதனிடும் படிப்பும் ஆராய்ச்சியும் அங்கே ஒரே வளாகத்தில் வளர்ந்தன. உள்ளேயே சிறியதொரு பதனிடும் சாலையும் உண்டு. தோலைக் கையால் தொடாமல் யாரும் அங்கே நிபுணராக முடியாது. 1958 முதல் 1971 வரை அதன் டைரக்டராயிருந்த நாயுடம்மா, ஆராய்ச்சியைத் தோல் மண்டிக்காரரிடம் கொண்டு சேர்ப்பதையே ஆராய்ச்சியாளனின் கடமையாகக் கருதியவர். எழுபதுகளில் அரசாங்கம் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, அதை முழுமையாக்கித் தரும் வித்தை இங்கே கைவசம் இருந்தது.

அதன் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. பாலாற்றங்கரைத் தோல் தொழில் பணம் சம்பாதித்த வேகத்தில் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது. கழிவு நீர் விஷயத்தில் 1996இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. மணல் விஷயத்திலும் இதுதான் நடக்குமா? மோனசைட்டில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருக்கிறது. 2024இல் கிள்ளியூர் வட்டாரத்தில் 1144 ஹெக்டேரில் மணல் தோண்டும் திட்டம் வந்தபோது, அந்தக் கரையில் வாழும் ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்களுக்கு விஞ்ஞானம் தெரியாது என்று கேலி செய்வது சுலபம். கழிவை எங்கே வைப்பீர்கள் என்று அவர்கள் கேட்பதைவிடப் பெரிய விஞ்ஞானக் கேள்வி எது? வரப்போகும் நிலையத்தின் நிர்வாகக் குழுவில் அந்தக் கரைக்காரர்கள் உட்கார வேண்டும். கழிவைப் பற்றிய ஆராய்ச்சி முதல் நாளே தொடங்க வேண்டும்.

இன்னொன்று. நம் மணலில் நியோடிமியம் உண்டு. சூட்டில் காந்தம் தளராதிருக்கச் சேர்க்கும் டிஸ்ப்ரோசியம் மிகச் சொற்பம். அப்படியானால் அதைக் குறைத்துக்கொண்டு நல்ல காந்தம் செய்வது எப்படி? சர்வகலாசாலை மூளையைக் கசக்க வேண்டிய கேள்வி இது. இந்தக் கேள்வியை எழுதி வைத்துவிட்டு ஆட்களைத் தேடுங்கள். ஆட்களை நியமித்துவிட்டுக் கேள்வியைத் தேடாதீர்கள்.

மோட்டார்க் கம்பெனிகள் பெயர்ப் பலகைக்குப் பணம் கொடுத்தால் போதாது. 'இந்த உலையில் வரும் முதல் காந்தத்தை நாங்கள் சோதிப்போம். சொன்ன தரத்தில் நின்றால் வாங்குவோம்' என்று எழுதித் தரட்டும். தரமணியில் 2010இல் தொடங்கிய ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில், குடிவந்த கம்பெனி ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் எவ்வளவு சேர்ந்து உழைத்தது என்று மதிப்பெண் போட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கண்டிப்பு இங்கேயும் வேண்டும். பட்டம் வாங்க வரும் பிள்ளை, பாதிக் காலம் உலையருகே நிற்கட்டும். வீணாய்ப் போன ஒவ்வொரு உருக்கும் ஏன் வீணாயிற்று என்று அவன் எழுதுகிற நோட்டுப் புத்தகத்துக்கும், வெளிநாட்டுப் பத்திரிகைக் கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பு கிடைக்கட்டும். வியாபார ரகசியம் என்ற பெயரில் அவன் ஆராய்ச்சியைக் கம்பெனி வருஷக்கணக்கில் பூட்டி வைக்க அனுமதிக்காதீர்கள். மக்கள் பணத்தில் படித்தவன் அறிவு அது.

இவ்வளவுக்கும் பளிங்குத் தரை தேவையில்லை. தடையில்லாத மின்சாரமும், பத்திரமான ஒரு கொட்டகையும், அலுக்காத பத்துப் பேரும் இருந்தால் வேலையை ஆரம்பிக்கலாம். கட்டடம் பின்னால் வரட்டும். அடுத்த தடவை எங்காவது கல் நாட்டு விழாவுக்கு உங்களுக்கு அழைப்பு வந்தால், மாலையும் மேளமும் ஓய்ந்த பிறகு எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஐயா, உலை எங்கே?'