தோட்டத்துப் பிள்ளைக்கு மாலையிலும் திறந்திருக்கும் பள்ளி வேண்டும்

மலேசியக் கல்வி அமைச்சின் 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் வழியாக ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு ஃபுரோக் என்னும் மின்னியல் கற்றல் தளம் போய்ச் சேர்ந்தது. மாணவர், ஆசிரியர், பெற்றோர் ஆகியோரில் அதைப் பயன்படுத்தியவர்கள் 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று 2013ஆம் ஆண்டுக்கான தேசியக் கணக்காய்வாளர் அறிக்கை சொன்னது. 2019 நடுவில் அதற்குப் பதிலாகக் கூகுள் கிளாஸ்ரூம் வந்தது. மறு ஆண்டே டெலிமா என்னும் தளம் வந்தது. தளத்தை மாற்றக் காட்டிய அக்கறையைப் பிள்ளை எங்கே உட்கார்ந்து, யாரிடம் சந்தேகம் கேட்டுப் படிக்கும் என்பதில் யாரும் காட்டவில்லை. பாடம் முடிந்த பிறகும் திறந்திருக்கும் கணினி அறை, அதில் இருக்கும் நேரத்துக்கு ஊதியம் பெறும் ஓர் ஆசிரியர்: கெடா தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்கு முதலில் இவை வேண்டும்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வி அமைச்சு ஓர் ஆய்வு எடுத்தது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. மடிக்கணினி இருந்தவர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடுதான். மற்றவர்களில் பெரும்பாலோர் நம்பியிருந்தது கைப்பேசியை. வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி என்றால், அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பிள்ளை இரவில் பயிற்சியை எழுதி, படமெடுத்து, புலனத்தில் (வாட்ஸ்அப்) ஆசிரியருக்கு அனுப்பும். அனுப்பிய பிள்ளை பங்கேற்றதாகக் கணக்கில் ஏறும். புரியாததை அது யாரிடமும் கேட்டிருக்காது. நாட்டின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்ட அதே கூலிம் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு இந்த நிலை நேரலாகாது.

இப்போது பெரும்பாலான வீடுகளில் இணையம் வந்துவிட்டதே என்பார்கள். உண்மைதான், காணொளி பார்க்க அது போதும். நாலு பேர் சேர்ந்து ஒரு நிரல் எழுதவோ, அறிவியல் ஆய்வைத் தமிழில் அறிக்கையாக்கவோ, அதை வகுப்பின் முன் நின்று விளக்கவோ கைப்பேசித் திரை போதாது. திரை பிள்ளைகளைக் கெடுக்கிறது என்னும் கவலையும் நியாயமானது. கற்றலுக்குப் பயன் தரும் இடத்தில் மட்டும் தொழில்நுட்பம் வேண்டும் என்று யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்வி அறிக்கையும் எச்சரித்தது. ஆசிரியர் உடனிருக்கும் அறையைக் கேட்பது அதனால்தான். 150க்கும் குறைந்த மாணவர்களுள்ள பள்ளிக்கு இவ்வளவு செலவா என்ற கேள்விதான் அதிகம் எழும். அங்கே இருபது மடிக்கணினிகளே ஒரு வகுப்புக்குப் போதும். ஒவ்வொரு பிள்ளையின் கேள்வியையும் கேட்க ஆசிரியருக்கு நேரமும் கிடைக்கும். பெரிய பள்ளிகள் ஏங்கும் வசதி இது.

இந்தச் செலவை நன்கொடையாளர் தலையில் கட்டக்கூடாது. நிலம் தோட்ட நிர்வாகத்தின் பெயரில் இருக்கும் பகுதி உதவி பெறும் பள்ளிகளில், கூரை பழுதுக்கே பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் நிதி திரட்ட வேண்டியிருக்கிறது. கோலமூடா, கூலிம், பாலிங் மாவட்டங்களின் தோட்டப் பள்ளிகளில் கல்வி அமைச்சு இந்த ஏற்பாட்டைத் தன் செலவில் தொடங்கட்டும். எத்தனை பேர் தளத்துக்குள் நுழைந்தார்கள் என்று எண்ணுவதை விட்டு, பிள்ளைகள் என்ன கேட்டார்கள், எதைச் செய்து காட்டினார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிடட்டும்.