உள்ளூர்க்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே!

சிங்கப்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ உங்கள் சித்தப்பா குடும்பம் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த மூன்றாம் நாள் அவர்களுடைய பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறான். இரவு முழுவதும் பேதி. காலையில் திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள்: "அது வெளிநாட்டு வயிறு. நம்ம தண்ணி ஒத்துக்கல. நாமளும்தான் இதையே குடிக்கிறோம், நமக்கு ஒண்ணும் ஆகலையே!"

மாணவ நண்பர்களே, இந்தத் தீர்ப்பில் பாதி உண்மை. மற்றப் பாதி ஆபத்தானது. அந்த ஆபத்தான பாதியைப் பற்றித்தான் இங்கே உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் உண்மையான பாதி. அயல்நாடு செல்லும் பயணிகளுக்கு அடிக்கடி வருகிற நோய் பேதிதான். போகும் இடத்தையும் பருவத்தையும் பொறுத்து, இரண்டு வாரப் பயணத்தில் நூற்றுக்கு 30 முதல் 70 பேர் வரை இதில் சிக்குகிறார்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் எஸ்செரிச்சியா கோலை என்ற பாக்டீரியாவின் நச்சு சுரக்கும் வகைகள். மனித மலத்திலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து கைக்கும் உணவுக்கும், அங்கிருந்து வாய்க்கும் அவை வந்து சேருகின்றன. ஓர் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அந்த ஊர்க் கிருமிகளைச் சிறுவயது முதல் பலமுறை சந்தித்திருப்பார்கள். ஆகவே அவர்கள் உடலில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி ஏற்பட்டிருக்கும். வெளியூர்க்காரனுக்கு அது கிடையாது. பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டால், இங்கே பிறந்தவருக்கும் அது குறைந்துபோகும். "நான் இந்த ஊர் தண்ணியில் வளர்ந்தவன்" என்று மார் தட்டிக்கொண்டு கிணற்று நீரை அப்படியே குடிக்கும் சித்தப்பாவும் தப்பமாட்டார். நாமே இந்தோனேசியாவுக்கோ எகிப்துக்கோ போனாலும் இதே கதைதான். அங்கே நாம்தான் 'வெளிநாட்டு வயிறு'!

சரி, அந்த எதிர்ப்புச் சக்தியை உள்ளூர்க்காரர் என்ன விலை கொடுத்து வாங்கினார்? இதைத்தான் திண்ணையில் யாரும் கேட்பதில்லை. குழந்தைப் பருவத்தில் திரும்பத் திரும்ப வந்த பேதிதான் அந்த விலை. பயணிக்கு மூன்று நான்கு நாள் தொல்லை கொடுத்துவிட்டுப் போகும் அதே கிருமிகள் கைக்குழந்தையின் உடலிலுள்ள நீரையும் உப்பையும் உறிஞ்சிவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 4,40,000 குழந்தைகள் ஆண்டுதோறும் பேதியால் இறக்கிறார்கள். "நமக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்கிறவர்கள் பிழைத்தவர்கள். பிழைக்காதவர்கள் திண்ணைக்கு வந்து பேசுவதில்லை.

இதற்குச் செஞ்சியிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சிக் கோட்டையைப் பிடித்து, 1761-ல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். ஆர்க்காட்டுச் சீமையிலேயே உடம்புக்கு ஒவ்வாத இடங்களில் ஒன்று என்று ஐரோப்பியர் அந்தக் கோட்டைக்குப் பெயர் வைத்திருந்தனர். அந்தப் பத்துப் பதினோரு ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியச் சிப்பாய்களை அங்கே நோய்க்குப் பறிகொடுத்ததாகப் பழைய நூல்களில் குறிப்பு உண்டு. கொசு கொண்டுவந்த காய்ச்சலும் நீர் கொண்டுவந்த பேதியும் அதில் கலந்திருக்கலாம். அக்காலத்து மருத்துவர்கள் எல்லாவற்றுக்கும் 'கெட்ட காற்று' என்றே காரணம் சொன்னார்கள். தண்ணீர் வழியாகக் காலரா பரவுவதை லண்டனில் ஜான் ஸ்நோ எடுத்துக்காட்டியதே 1854-ல்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கணக்கில் இருப்பவர்கள் ஐரோப்பியச் சிப்பாய்கள் மட்டுமே. கோட்டைக்குக் கீழே குடியிருந்த உழவர் வீட்டுக் குழந்தைகள் அதில் இல்லை. வந்தவனின் நோய்தான் செய்தியாகிறது. இருப்பவனின் நோய் 'வழக்கம்' ஆகிவிடுகிறது.

இன்று அந்தக் கோட்டைக்கு வருவோர் இன்னும் பெருகுவார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. மிச்சமுள்ள ஒன்று நம் செஞ்சி. கோட்டையைப் பார்க்க வருபவர்களில் சிலர், மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சத்துருமல்லேசுவரத்தைக் காணத் தளவானூருக்கும் வருவார்கள். உங்கள் பள்ளிச் சுற்றுலாவும் அங்கே போகலாம்.

போனால், இராஜகிரி உச்சியில் உள்ள நீர்நிலைகளைப் பாருங்கள். நல்ல தண்ணீர் ஊறும் இடங்களும், மழைநீரைப் பிடிக்கும் தேக்கங்களும் அங்கே உண்டு. கீழே கல்யாண மகாலுக்குச் சுட்ட மண் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வருடக்கணக்கான முற்றுகையைத் தாங்கிய கோட்டைக்கு நீர்தான் உயிர். வியந்து பாருங்கள், ஆனால் குனிந்து குடிக்காதீர்கள்! பாறையிடுக்கில் ஊறும் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். தெளிவு வேறு, தூய்மை வேறு. ஒரு தம்ளர் தண்ணீரில் இலட்சக்கணக்கான பாக்டீரியாக்கள் இருந்தாலும் நம் கண்ணுக்கு அது தெளிந்த நீராகவே தோன்றும். நம் பாட்டிமார் கலங்கிய நீர்க் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிடுவார்கள். மண் துகள்கள் ஒன்றுசேர்ந்து அடியில் படியும். அவற்றோடு கிருமிகளில் ஒரு பகுதியும் இறங்கும். நல்ல முறைதான். ஆனால் மீதிக் கிருமிகள் மேலேயே இருக்கும். ஐஸ் கட்டியும் அப்படியே. குளிரில் கிருமிகள் உறங்கும்; எல்லாம் சாவதில்லை. வண்டிக்கடை எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்பதும் வீண் நம்பிக்கை.

வெளியூர் போகும்போது நம்பத்தக்கது கொதிநீர். குமிழிகள் கொப்பளித்து எழும்பத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதித்தால் போதும். மலை ஏறினால் நீரின் கொதிநிலை குறையும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இராஜகிரியின் உயரம் சுமார் 240 மீட்டர். அங்கே நீர் ஏறத்தாழ 99 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். பேதிக் கிருமிகளைக் கொல்ல அதுவே தாராளம். 2,000 மீட்டருக்கு மேல், உதாரணமாக உதகமண்டலத்தில், மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகு அதே பாத்திரத்தில் மூடி ஆறவையுங்கள். கொதித்த நீரைப் பச்சைத் தண்ணீரில் கழுவிய சொம்பில் ஊற்றினால் பட்ட பாடு வீண். கொதிக்கவைக்க வழியில்லாத இடத்தில் குளோரின் மாத்திரை உதவும். போட்டு அரைமணி நேரம் பொறுத்திருக்க வேண்டும்.

அப்படியும் பேதி வந்துவிட்டால்? ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், அதே கரண்டியால் அரைக் கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, இத்தகைய கரைசலைக் கொண்டு எண்ணற்ற உயிர்களைக் காத்தவர் டாக்டர் திலீப் மகலனாபிஸ். மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், சிறுநீர் குறைதல் ஆகிய இவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? பாட்டில் தண்ணீர் வாங்கினால் தீர்ந்தது" என்று நீங்கள் சொல்லலாம். முத்திரை உடையாத பாட்டிலை ஒரு நாள் பயணத்துக்கு வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோட்டை வாசலில் பாட்டில் கடை வைத்ததோடு ஊரின் கடமை முடிந்தது என்று நினைப்பதை ஏற்க முடியாது. பயணி பாட்டிலைக் குடித்துவிட்டுப் போவார். பாட்டில் விற்கும் அம்மாளின் குழந்தை எந்தத் தண்ணீரைக் குடிக்கும்? பயணிக்கு ஒரு தண்ணீர், ஊருக்கு ஒரு தண்ணீர் என்று பிரித்தால் ஊர்த் தண்ணீரைச் சோதிக்க வேண்டிய அவசரமே இல்லாமல் போய்விடும்.

அதுமட்டுமல்ல, நோய் ஊரிலிருந்து பயணிக்கு மட்டும்தான் போகும் என்று எண்ணிவிடாதீர்கள். ஹைதி நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே 2010 ஜனவரியில் பெரும் நிலநடுக்கம். உதவிக்கு வந்திருந்த ஐ.நா. அமைதிப்படையின் முகாம் ஒன்றிலிருந்து, காலராக் கிருமி கலந்த மலக்கழிவு ஆற்றில் சேர்ந்தது. அக்டோபரில் தொடங்கிய கொள்ளைநோயில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். ஏறத்தாழ 10,000 பேர் மடிந்தார்கள். அந்தத் தலைமுறை அதற்குமுன் காலராவைக் கண்டதில்லை. 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் ஹைதி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். செஞ்சியில் கோட்டைச் சுவரின் மறைவில் ஒதுங்குகிற சுற்றுலாப் பயணியும் சிறிய அளவில் இதையே செய்கிறார். மழை வந்தால் அது எங்கே போய்ச் சேரும்? செட்டிக்குளத்துக்கோ சக்கரக்குளத்துக்கோதான்!

ஆகவே உங்கள் வகுப்புக்கு ஒரு வேலை தருகிறேன். 1982-ல் குவாலியர் ராணுவ ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானிகள் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். சிறு குப்பிக்குள் ஒரு காகிதத் துண்டு. அதில் மருந்து தோய்ந்திருக்கும். குறியிட்ட அளவுவரை தண்ணீர் ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். மலக்கலப்பு உள்ள நீரில் இருக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அது குப்பியிலுள்ள இரும்போடு சேர்ந்து நீரைக் கறுப்பாக்கிவிடும். இரண்டு நாளுக்குள் விடை தெரியும். ஆசிரியர் உதவியோடு பள்ளிக் குழாய், ஊர்க் கிணறு, சுற்றுலா போகும் இடத்துக் குழாய் மூன்றையும் சோதித்துப் பாருங்கள். கறுத்த குப்பியைத் திறந்து முகராதீர்கள்; உள்ளே கிருமிகள் பெருகியிருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி அழிப்பதை ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் ஊர் டேங்க் ஆபரேட்டரையும் ஒரு காலை போய்ப் பாருங்கள். கடைசித் தெருக் குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். சோதனைக் குழலில் மருந்துத் துளிகளை விட்டால், குளோரின் உள்ள நீர் மஞ்சளாகும். நிறம் மாறவில்லையா? தேதி, நேரம், தெருப் பெயர் மூன்றையும் நோட்டில் குறித்து, எல்லோரும் கையெழுத்திட்டு, ஊராட்சித் தலைவரிடம் கொடுங்கள். ஒரு பிரதியைப் பள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் மறுபடி சோதிக்கும்போது ஒப்பிட அது வேண்டியிருக்கும்.